ராஜாவைக் கொளுத்தின பாய்

காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில், என் வாடகைச் சைக்கிள் கடைக்கு நேர் எதிரே, கமாலுதீன் பாய் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தார். என் கடைக்குச் சைக்கிள்கள் கோணிக்கொண்டு திரும்பி வரும். அவர் கடையிலிருந்து படங்கள் பளபளவென்று வெளியே போகும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால், அவரைப் பற்றி நான் சொல்லப்போகிற நல்லதையாவது நீங்கள் நம்புவீர்கள்.

ஆள் ஒல்லி, நெட்டை. காதில் ஒரு பென்சில், வாயில் நாலு சின்ன ஆணி. ஆணி வாயில் இருக்கும்போது பேச முடியாது என்பதால் புதிதாக வருகிறவர்கள் அவரை அடக்கமான மனுஷர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆணி தீர்ந்ததும் தெரியும் சேதி. படிப்பு மூன்றாம் வகுப்பு. உருது நன்றாக வரும், தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார், இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும். ஆனால் ராஜா, ராணி, கவர்னர், வைசிராய் விஷயமென்றால் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை அவர் சொன்னதுதான் தீர்ப்பு. இருபத்தைந்து வருஷமாக அவர்கள் முகத்தைத் துடைத்துக் கண்ணாடி போட்டவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

டீக்கடையில் ஒருநாள் பழைய வெள்ளி ரூபாய் இரண்டை வைத்துக்கொண்டு சண்டை. ஒன்றில் ராஜா கிரீடத்தோடு இருக்கிறார், இன்னொன்றில் வெறும் தலை. "கிரீடத்த அடகு வச்சிட்டாரு" என்றான் ஒருத்தன். "இவரு ராஜாவே இல்ல, மந்திரி" என்றான் இன்னொருத்தன். மேசை கவிழ்கிற நேரத்துக்குப் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் காசைத் தொடக்கூட இல்லை. "மொட்டத் தல அப்பன், ஏழாவது எட்வர்டு. கிரீடம் வச்சது புள்ள, அஞ்சாவது ஜார்ஜ். அப்பன் காசுல கிரீடம் கெடையாது, அவ்ளோதான். குந்தி டீயக் குடிங்கடா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது ராயபுரம் மண்ணாங்கட்டி விவகாரம்தான். மண்ணாங்கட்டி என்பவர் துறைமுகத்துக் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், விறகு சப்ளை செய்தவர். மூத்த பிள்ளைகள் தங்காமல் போனதால் பெற்றவர்கள் வைத்த பெயர். ஆள் என்னவோ நல்ல வசதி. அவர் கடையில் ஜார்ஜ் ராஜா படம் ஒன்று முப்பது வருஷமாகத் தொங்கிற்று. ராஜா பிறந்தநாளுக்கு மாலை, தீபாவளிக்குச் சாம்பிராணி. கண்ணாடி விரிசல் விட்டதென்று நாற்பத்தைந்தாம் வருஷத்தில் படம் பாயிடம் வந்தது. பாய் இரண்டு நாள் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் என் சைக்கிளை வாங்கிக்கொண்டு ராயபுரத்துக்குப் போனார்.

"இது நம்ம ராஜா இல்ல. ரஷ்யா ராஜா" என்றார்.

மண்ணாங்கட்டி அடிக்க வந்துவிட்டாராம். அதே தாடி, அதே மீசை, அதே கண். பாய் படத்தின் அடியில் இருந்த எழுத்தைக் காட்டினார். இங்கிலீஷ் ஆர் எழுத்து ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது, ரஷ்யாக்காரன் எழுத்து. இரண்டு பேருமாகத் துறைமுகத்துக்குப் போய் ஒரு கிழட்டு மாலுமியிடம் கேட்டதில் அவர் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்: இரண்டு பேரும் அக்கா தங்கை பிள்ளைகள், உரித்து வைத்த சாயல். ரஷ்யா ராஜாவைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்று இருபத்தேழு வருஷம் ஆகிறது. எந்தக் கப்பல்காரனோ பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போன படம். மண்ணாங்கட்டி அன்று சாப்பிடவில்லை என்று கேள்வி.

"எப்படி பாய் கண்டுபிடிச்ச?" என்று நான் கேட்டேன்.

"மூஞ்சியப் பாக்காதே தோஸ்து. மூஞ்சி பொய் சொல்லும். துணியப் பாரு, மெடலப் பாரு, கூட யாரு நிக்கிறான்னு பாரு."

இதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பத்தேழு ஆகஸ்டில் பாய்க்கு மூச்சு விட நேரமில்லை. ஊரில் ராஜா படம் தொங்கிய வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே வாரத்தில் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு அவரிடம் வந்து நின்றன. ராஜாவை எடுத்துவிட்டுக் காந்தியை வைக்க வேண்டும். அப்போது சணல் ஆலைச் சங்கத்தின் செக்ரட்டரி தண்டபாணி. கோபக்காரன், நல்லவன், இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கஷ்டம். தேரடியில் தீ மூட்டி ராஜா படங்களைக் கொளுத்தப் போவதாகவும், சேர்ந்திருக்கும் படங்களை எல்லாம் கொடுக்க வேண்டுமென்றும் தண்டபாணி கடை வாசலில் வந்து நின்றான். பாய் வாயிலிருந்த ஆணிகளைத் துப்பிவிட்டு, "நீ வேற, கோந்து காச்சுற அடுப்புல அப்பப்போ போட்டுக்கினேதான் கீறேன். சாம்பல்தான் கீது, வோணுமா?" என்றார்.

அடுத்த வாரம் பொதுக்கூட்டத்தில் தண்டபாணி அவரை மேடைக்குக் கூப்பிட்டு, "ராஜாவைக் கொளுத்திய கமாலுதீன் பாய் அவர்களுக்கு" என்று சொல்லி ஒரு கைத்தறித் துண்டு போர்த்தினான். ஊர் கைதட்டியது. அன்றிலிருந்து அவருக்கு அதுவே பெயர். பாய் அந்தத் துண்டை ஒருநாள்கூடத் தோளில் போட்டு நான் பார்த்ததில்லை. அடக்கம் என்று நினைத்தேன்.

பத்து வருஷம் போயிற்று. ஐம்பத்தேழு ஜூலையில் ஒரு மத்தியானம் கன்னியம்மா ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாய் கடைக்கு வந்தாள். கடலோரத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள். புருஷன் ஒரு புயலில் போய்விட்டான். சணல் ஆலையில் சாக்கு தைக்கிற வேலை. வாழாவெட்டியாகத் திரும்பி வந்த மகள், அவள் பிள்ளைகள் இரண்டு, எல்லாருக்கும் சோறு இவள் சம்பளத்தில்தான். தலை முழுக்க நரை. உப்புக் காற்றும் சணல் தூசியும் முகத்தை வரிவரியாக்கியிருந்தன.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. என்னை எதிர்க் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பெயிலானவனுக்கும் சில நாள் மரியாதை கிடைக்கும். படித்துச் சொன்னேன்: ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி உனக்கு ஐம்பத்தைந்து வயது நிறைகிறது, அன்றோடு வேலை முடிந்தது.

"அம்பத்தஞ்சா? எனக்கா? இன்னா அநியாயம்யா இது!" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஐம்பத்திரண்டில் பிராவிடண்டு பண்டு பாரம் நிரப்பும்போது பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். குப்பத்தில் தேதி யாருக்குத் தெரியும்? புயல் அடித்த வருஷம், கப்பல் தரை தட்டிய வருஷம், இப்படித்தான் கணக்கு. அவள் தன் ஆத்தாள் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள்: "ராஜாவுக்குப் பட்டம் கட்டின அன்னிக்குப் பொறந்தேன்." எழுதியவன் புது கிளார்க். சரித்திரப் புத்தகத்தைத் திறந்தான். எட்வர்டுக்கு முடிசூட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு, ஆகஸ்ட் ஒன்பது என்று இருந்தது. இவள் நரையைப் பார்த்தான். சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டான். இவளும் ராஜா என்றால் ஒரே ராஜாதானே என்று கைநாட்டு வைத்துவிட்டாள்.

"பாய், நீதான் ராஜா கதையெல்லாம் சொல்வியே. நீ சொல்லு. நான் எந்த ராஜாவுக்குப் பொறந்தவ?"

"ஒழுங்காக் கேளும்மே" என்றேன் நான். துக்கத்திலும் அவள் சிரித்துவிட்டாள்.

பாய் சிரிக்கவில்லை. "உங்க ஆத்தா வேற இன்னா சொல்லிக்கீறாங்க? மழயா, வெயிலா?"

"வாட காத்தாம். கடல் ஏறிக்கினு கெடந்திச்சாம். ஒரு கட்டுமரம் எறக்கல, அதான் நைனா வூட்ல இருந்தாருன்னு சொல்லும்."

"ஆகஸ்டுல ஏது வாட?" என்றார் பாய். "பட்டம் கட்டினது ஒரு தபா இல்ல, மூணு தபா. மூணாவது முப்பத்தேழுல, அத்த வுடு. அஞ்சாவது ஜார்ஜ் டில்லிக்கே வந்து தர்பார்ல குந்தினது பதினொண்ணாம் வருசம் டிசம்பர் பன்னெண்டு. அப்போதான் வாட. உனக்கு நாப்பத்தாறு கூட ஆவல கன்னிம்மா."

ஒன்பது வருஷம்! அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே தெம்பு வந்துவிட்டது. அப்போதே அவளை அழைத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். அங்கே ஆபீசர் சுப்புராயன். தொழிலாளர் காரியங்களைப் பார்க்கிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிற ஜாதி. ஆலை டாக்டரும் இவள் கையையும் நரையையும் பார்த்து 'ஐம்பதுக்கு மேல்' என்று எழுதி வைத்திருந்தார். நான் வாடைக்காற்றைப் பற்றி விளக்கி முடிக்கும்வரை சுப்புராயன் பொறுமையாகக் கேட்டார்.

"காத்து வந்து சாட்சி சொல்லாதுப்பா. காகிதமா ஏதாவது கொண்டு வாங்க. வர்ற வெள்ளிக்கிழமை மெட்ராஸ் ஆபீசுக்குப் பட்டியல் போகுது. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை."

பாய் கடைக்குத் திரும்பி வந்ததும் கன்னியம்மா உடைந்துவிட்டாள்.

"காகிதம் இருந்திச்சு பாய். நைனா வாங்கியாந்த ராஜா படம். அதுக்குப் பின்னால என் காலு கீது. வலைக்குப் போடுற பனிச்சங்காய்ச் சாத்துல என் காலத் தோச்சி, படத்துக்குப் பின்னால வச்சாராம். புது மரம் கடல்ல எறக்கினா அவரு அப்படித்தான் வூட்டுப் புள்ள காலை மரத்துல வைப்பாரு. 'இது என் பொண்ணோட ராஜா'ன்னு சொல்லிச் சொல்லிக் காட்டுவாராம். சொதந்தரம் வந்தப்போ நான்தான் உங்கையில குடுத்து, கொளுத்திடு பாய்னு சொன்னேன். என் கையாலயே என் சோத்துல மண்ண வாரிப் போட்டுக்கினேன்."

பாய் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். அறுப்பது நின்றுவிட்டது. கடையை இழுத்துப் பூட்டிக்கொண்டு தொழுகைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மத்தியானத்து லுகர் தொழுகை முடிந்து அரை மணி ஆகியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு பொம்பளை அழுகிறாள், இவருக்கு ஆறுதலாக ஒரு சொல் வரவில்லையே என்று.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து, பஞ்சர் தொட்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தோஸ்து, நான் கொளுத்தல."

"எத்த?"

"எத்தயுமே. ஒரு ராஜாவக் கூடக் கொளுத்தல. உலகச் சண்ட முடிஞ்ச சமயம், அட்ட எங்க கெடச்சுது? பின்னால திக்கா ஒண்ணு இல்லன்னா கண்ணாடி லொடலொடன்னு ஆடும். ராஜா படம் நல்ல தடி அட்ட. முன்னால காந்திய வச்சி, பின்னால ராஜாவ வச்சே ஆணி அடிச்சிட்டேன். அப்படியே எரிக்கவும் கை வரல. இந்த ஊர்ல நான் போட்ட ஒவ்வொரு காந்திக்குப் பின்னாலயும் ஒரு ராஜா கீறாரு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பத்து வருஷமாக அந்தத் துண்டு ஏன் தோளில் ஏறவில்லை என்று அப்போதுதான் விளங்கிற்று. வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தண்டபாணியின் ஆட்கள் கடைக் கண்ணாடி ஒன்றை விட்டுவைக்க மாட்டார்கள். பொய் சொல்லித் துண்டு வாங்கியவன் என்று ஊர் காறித் துப்பும்.

"அப்போ கன்னியம்மா படம் அவ வூட்லயே கீது! போயித் தொறக்கலாம் வா" என்று எழுந்தேன்.

"குந்து. மக்கிப் போன படத்த மட்டும் தூக்கிப் போட்டிருக்கேன். அதுல அவளோடதும் ஒண்ணான்னு ஞாபகம் இல்ல. அதுவுமில்லாம நாம வூட்ல தொறந்தோம்னா, நாமளே உள்ள வச்சோம்னு அந்த ஆபீசர் சொல்வான். பின்னால நான் ஒட்டின காகிதம் கீது, தேதி போட்டிருக்கேன். அத்தோட எத்துகினு போயி, ஆபீஸ்ல, எல்லாரும் பாக்கச்சொல்லத் தொறக்கணும்."

"எல்லாரும்னா தண்டபாணியும் இருப்பான்."

"இருப்பான்" என்றார் பாய். "அத்த நான் பாத்துக்கறேன்."

கன்னியம்மாவிடம் அவர் எதையும் சொல்லவில்லை. உள்ளே படம் இல்லாமல் போய்விட்டால் அவளை இரண்டாம் தடவை அழ வைப்பானேன்? வெள்ளிக்கிழமை ஆலைக்கு வரும்போது வீட்டுக் காந்தி படத்தை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

"காந்தி இன்னாத்துக்கு பாய்?"

"அவரு பொய் சொல்ல மாட்டாரு. எத்துகினு வா."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சுப்புராயன் அறையில் ஐந்து பேர். அவர், சங்கத்தின் சார்பில் தண்டபாணி, கன்னியம்மா, பாய், நான். பாய் கையில் ஒரு துணிப்பை. அதில் குறடும் உளியும் போக வேறு என்னவோ இருந்தது. படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். முதுகில் பழுப்புக் காகிதம், கிழியாமல். ஓரத்தில் பென்சில் எழுத்து: 16-8-47.

"இது நான் ஒட்டினது சார். நடுவுல யாரும் தொறக்கல, பாத்துக்கங்க." பிறகு தண்டபாணி பக்கம் திரும்பினார். "தண்டபாணி, நீ எனக்குத் துண்டு போர்த்தினே. நான் அத்துக்கு லாயக்கில்ல. நான் ராஜாவக் கொளுத்தல. அட்டையா வச்சி அடிச்சிட்டேன். இதுலயும் வச்சிருப்பேன்னு நெனைக்கிறேன். நீ திட்றதா இருந்தா அப்பால திட்டு, இப்போ இந்தப் பொம்பள வேல நடக்கட்டும்."

தண்டபாணியின் வாய் திறந்தது, மூடவில்லை. கன்னியம்மா மட்டும் பாயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாய் காகிதத்தைக் கிழித்தார். ஒவ்வொரு ஆணியாகக் குறடால் பிடுங்கி மேசையில் வரிசையாக வைத்தார். அவ்வளவு ஆணியை ஏன்தான் அடித்தாரோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பலகையை நெம்பி எடுத்ததும் மண் கொட்டியது. கரையான். பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்ட கோந்தால் ஒட்டியும், மேல் சட்டத்தின் வழியாகப் புகுந்திருக்கிறது.

ஆனால் உள்ளே படம் இருந்தது. பாதிப் படம். ராஜா, ராணி இரண்டு பேருக்கும் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை, பெயர் அச்சடித்த ஓரமும் இல்லை. மிஞ்சியது நீளமான அங்கிகளும், படியும், படிக்குக் கீழே கொஞ்சமும்தான்.

சுப்புராயன் குனிந்து பார்த்தார். "தலையே இல்லையேப்பா. இது அப்பனா, பிள்ளையான்னு எப்படிச் சொல்றது?"

"தல எதுக்கு சார்?" என்றார் பாய். "கூட யாரு நிக்கிறான்னு பாருங்க. அங்கியோட வாலப் புடிச்சிக்கினு நிக்கிறானுங்களே, இவனுங்க யாரு? தலப்பாவப் பாருங்க. இவனுங்க வெள்ளக்காரப் பசங்களா? நம்ம நாட்டு ராஜாங்க வூட்டுப் புள்ளைங்க. அப்பன் எட்வர்டு பட்டம் கட்டினப்புறம் இந்த மண்ண மிதிச்சதே இல்ல. அவருக்கு டில்லியில தர்பார் வச்சாங்க, அவரு வரல, வைசிராய்தான் நடத்தினான். கிரீடத்தோட இங்க வந்து குந்தின ராஜா ஒரே ஆளு. அஞ்சாவது ஜார்ஜ். பதினொண்ணு டிசம்பர் பன்னெண்டு."

சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சரித்திரம் படித்தவர். தலை லேசாக ஆடிற்று. உடனே நிமிர்ந்தார்.

"சரி. ஆனா அன்னிக்கு நடந்த தர்பாரோட படம், அன்னிக்கே எப்படி இவங்க வீட்டுக்கு வந்தது?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் கன்னியம்மாவைப் பார்த்தார்.

"அன்னிக்கே வந்திச்சின்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். "அப்பால வந்த மாசித் திருநாள்ல கோயிலாண்ட கடை போட்டிருந்தானாம், அங்க வாங்கினாராம். பொறந்த அன்னிக்குப் புள்ளையப் பாப்பாங்களா, படம் வாங்கப் போவாங்களா?"

"அப்ப இன்னொண்ணும் கேட்டாகணும். உனக்கு ஒன்பது வயசு ஆனப்புறம் உங்கப்பா சும்மா ஒரு ராஜா படம் வாங்கிட்டு வந்திருக்கலாம் இல்லையா? இதுல உன் வயசு எங்கம்மா இருக்கு?"

பாய் இரண்டு கையாலும் படத்தைத் தூக்கித் திருப்பி வைத்தார்.

பழுப்பேறிய காகிதத்தின் அடிப்பாதியில், கரையான் நின்ற இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, செம்பழுப்பு நிறத்தில் ஒரு பாதம். ஐந்து விரலும் தெளிவாக. வலைச் சாயம் நாற்பத்தைந்து வருஷமாக மங்கவில்லை. பக்கத்தில் சுப்புராயனின் தீப்பெட்டி கிடந்தது. பாதம் அந்தத் தீப்பெட்டி ஒன்றரை நீளம்கூட இராது.

சுப்புராயன் தீப்பெட்டியை எடுத்துப் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

"ரெண்டு மாசம், மூணு மாசக் குழந்தை" என்றார் மெதுவாக. "ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இந்தக் கால் கிடையாது."

பட்டியலை இழுத்து ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். டாக்டரிடம் இன்னொரு சர்டிபிகேட் வாங்க வேண்டும், தான் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். "திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வாம்மா." அப்பாடா என்று ஒரு சத்தம் கேட்டது. அது கன்னியம்மா என்று நினைத்தேன், சுப்புராயன்தான்.

கன்னியம்மா அழவில்லை. குனிந்து அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நைனாக்கு எழுதத் தெரியாது சார். என் காலால எழுதி வச்சிட்டுப் போய்கீறாரு."

கேட்டுக்கு வெளியே வந்ததும் எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. தண்டபாணி பாயின் கையைப் பிடித்து மதகுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனான். நான் சைக்கிள் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எதற்கென்று கேட்காதீர்கள், கையில் இருந்தது அதுதான்.

"பாய், நம்ம சங்க ஆபீஸ் காந்திக்குப் பின்னால?"

"அஞ்சாவது ஜார்ஜ்."

"நேருவுக்கு?"

"ஆறாவது ஜார்ஜ். புதுப் படம், நல்ல ஸோக்கான அட்ட."

தண்டபாணி மதகின் மேல் உட்கார்ந்தான். முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. அடிக்கப் போகிறான் என்று நான் நினைத்தபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பத்து வருசம்! பத்து வருசமா ராஜாவுக்குக் கீழ குந்திக்கினு ஸ்ட்ரைக்கு பேசிக்கினு இருந்துகீறோம்!"

பாய் துணிப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். மடிப்பு கலையாத துண்டு. நீட்டினார்.

தண்டபாணி அதை வாங்கி, பிரித்து, எழுந்து நின்று, அவர் தோளிலேயே போட்டான். "கொளுத்தினதுக்குப் போட்டது. இனிமே கொளுத்தாததுக்குன்னு வச்சிக்கோ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கும் பொறந்த தேதி தெரியாது பாய். நம்ம வூட்டுப் படத்தையும் ஒரு தபா தொறந்து பாப்பியா?"

அந்த ஆகஸ்டில் பாதி ஊர் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. தேதி கிடைத்தவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோதான். மற்றவர்களுக்கு ராஜாதான் கிடைத்தார்; சிரித்துக்கொண்டு மறுபடி உள்ளேயே வைக்கச் சொன்னார்கள். பாய் எல்லாருக்கும் எதிரிலேயே வைத்து ஆணி அடித்தார். இப்போது துண்டு தோளில் இருந்தது, அதிலேயே கண்ணாடியும் துடைத்தார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை; வாயில் ஆணி இருக்கும்போதே பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்.

கன்னியம்மா முதல் சனிக்கிழமையே வந்தாள். காந்திக்குப் புதிதாக ஒரு சட்டம் போடச் சொன்னாள். பழைய சட்டத்தில் என்ன வைக்கட்டும் என்று பாய் கேட்டார்.

"என் கால வை. கால் முன்னால தெரியணும். ராஜா செவுத்தப் பாத்துக்கினு இருக்கட்டும்."

பாய் அப்படியே செய்தார். முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டி, காதிலிருந்த பென்சிலை எடுத்து அன்றைய தேதியைப் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்கு மேலே, யாரும் கேட்காமலே இன்னொரு தேதியையும் எழுதினார்: 12-12-1911.